ஆண்டுதோறும் தைத்த படகுகள்

ஐயப்பன்தாங்கல் கடலைக் காணாத ஊர். கடற்கரையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால், போரூர் ஏரியை அடுத்துப் பூவிருந்தவல்லிச் சாலையில் அமைந்த இவ்வூரை இன்று பேருந்துப் பணிமனையாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளாலும் அறிகிறோம். ஆயினும் ஊரின் பெயரிலேயே நீர் இருக்கிறது. தொண்டை நாட்டில் ‘தாங்கல்’ என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். ஏரியை வெட்டுவது ஒரு தலைமுறையின் வேலை; அதைக் காப்பதோ எல்லாத் தலைமுறைகளுக்கும் உரிய வேலை. கோடையில் ஊரார் கூடித் தூர் வாரினர், கரையின் உடைப்பை அடைத்தனர், மதகைச் செப்பனிட்டனர். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். இவ்வழக்கம் தளர்ந்தபோது அதனைச் சட்டத்தால் வற்புறுத்த வேண்டிய நிலை வந்தது. 1858-ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் அதற்குச் சான்று. தமிழக அரசு 2017-இல் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, மறந்துபோன ஒரு சொல் மீண்டும் மக்கள் நாவில் வந்தது.

ஏரிக்கு இருந்த இந்த மராமத்து மரபு கடலுக்கும் இருந்தது. நம் கரையில் ஓடிய பழைய படகுகள் ஒருமுறை கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. அவை ஆண்டுதோறும் அவிழ்க்கப்பட்டு, ஆண்டுதோறும் தைக்கப்பட்டவை. அவற்றை ஓட்டியவர்களே அவற்றைப் பழுது பார்த்தனர். இந்த எளிய உண்மையின் வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

ஒரு துறவியின் மடல்

1291-ஆம் ஆண்டில் பாரசீகத்தின் தப்ரீசு நகரை விட்டுப் புறப்பட்ட பிரான்சிஸ்கன் துறவி ஒருவர், சீனம் செல்லும் வழியில் நம் நாட்டுக்கு வந்தார். மோந்தேகொர்வீனோ யோவான் என்பது அவர் பெயர். திருத்தூதர் தோமாவின் ஆலயம் இருந்த இடத்தில் பதின்மூன்று மாதங்கள் தங்கியதாகவும், ஏறத்தாழ நூறு பேருக்குத் திருமுழுக்கு அளித்ததாகவும் அவரே பின்னாளில் எழுதினார். அவருடன் பயணம் செய்த தொமினிக்கன் துறவி பிஸ்தோயா நிக்கோலா இங்கேயே இறந்து அவ்வாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். யோவான் சீனம் சென்று, பின்னர் இன்றைய பெய்ஜிங் நகரின் முதல் பேராயரானார்.

சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்கு அவர் எழுதிய மடலில் நம் மக்களின் உணவு, உடை, பருவக்காற்று ஆகியவற்றோடு மரக்கலங்களைப் பற்றியும் எழுதியுள்ளார். அவர் கண்ணுக்கு அவை மிகவும் நொய்ந்தவையாகத் தெரிந்தன. அவற்றில் இரும்பு இல்லை. துணியைத் தைப்பதுபோல் பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். கயிறு எங்கேனும் அறுந்தால் கலம் பிளந்துவிடும். சுக்கானோ மேசைப் பலகை போன்ற மெல்லிய ஒன்று. ஆகவே கடலுக்குச் செல்ல வேண்டுமானால் ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைச் செப்பனிட்டே ஆக வேண்டும் என்று அவர் குறித்தார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் பயணம் செய்த மார்க்கோ போலோவும் பாரசீக வளைகுடாவின் ஓர்முசுத் துறையில் தையல் கலங்களைக் கண்டு இகழ்ந்தார். ஆயினும் தென்னை நார்க் கயிறு கடல்நீரால் கெடுவதில்லை என்பதை அவர் ஒப்புக்கொண்டார். கடலடியில் காந்தப் பாறைகள் இருப்பதால்தான் இந்தியர் இரும்பாணியைத் தவிர்க்கின்றனர் என்றொரு கதை இவர்களுக்கும் முன்பிருந்தே மேலைநாடுகளில் உலவியது. 6-ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியுசு அக்கதையை அப்போதே மறுத்தார்.

துறவி யோவான் கண்டது உண்மை. அதற்கு அவர் அளித்த மதிப்பீட்டைத்தான் நாம் மீண்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் பழுது பார்க்கப்பட வேண்டிய பொருள் குறைபாடுடையது என்று அவர் கொண்டார். ஆனால் அக்கலங்கள் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருந்தன. அவருக்குப் பின்னும் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் இக்கரையில் ஓடின. குறையே நிறைந்த ஒன்று அவ்வளவு காலம் நிலைத்திருக்குமா?

அலையும் ஆணியும்

விடை சென்னையின் கடலிலேயே இருக்கிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1640-இல் புனித ஜார்ஜ் கோட்டையை நிறுவிய இடத்தில் துறைமுகம் இல்லை. கப்பல் ஒதுங்க ஆறோ குடாவோ இல்லை. மணற்கரையை நோக்கி அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து முறிந்தன. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து ஆளுநரும் படைவீரரும் குருக்களும் வணிகரும், பட்டும் வெள்ளியும் மதுப்புட்டிகளும் கரை சேர வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதுவே மசூலாப் படகு. புதுச்சேரிக் கரையில் இதனைச் சலங்கு என்றனர்.

ஐரோப்பியரின் படகுகள் உறுதியானவை. ஓக் மரத்தாலும் இரும்பாணியாலும் ஆனவை. ஆனால் முறியும் அலை அப்படகைத் தூக்கி மணலில் அறைந்தபோது அந்த உறுதியே அதற்குப் பகையாயிற்று. வளையாத பொருள் உடைந்தது. மசூலாவோ வேறு வகையில் அமைந்தது. அதன் பலகைகள் பெரும்பாலும் மாமரத்தைப் போன்ற மென்மரங்கள். உள்ளே விலா எலும்பு போன்ற வங்குக்கால்கள் இல்லை. பலகையின் விளிம்பில் துரப்பணத்தால் துளையிட்டு, இரு பலகைகள் கூடும் இடத்தில் தென்னந் தும்போ வைக்கோலோ திரித்து வைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிற்றை இழுத்துத் தைத்தனர். அலை மோதும்போது படகின் பக்கங்கள் உள்வாங்கி மீண்டும் விரிந்தன. மோதலின் வேகம் நூற்றுக்கணக்கான தையல்களில் பகிர்ந்து அடங்கியது. நீர் சிறிது கசிந்தது. அதை இறைத்துக் கொட்டினர். பின்னால் நின்ற தண்டையல் நீண்ட துடுப்பால் திசை பிடிக்க, மற்றவர்கள் பாட்டின் தாளத்துக்கேற்பத் தண்டு வலித்தனர். அருகில் கட்டுமரக்காரர் துணை வந்தனர். கடலில் விழுந்தவரை மீட்பது அவர்கள் பணி. கடல் மிகவும் சீறும் நாள்களில் கரையில் கொடி ஏற்றி எச்சரித்தனர்; அன்று படகு போகாது.

இப்படகில் வந்திறங்கிய ஐரோப்பியர் பலர் தம் அச்சத்தை நாட்குறிப்புகளில் எழுதி வைத்தனர். நனைந்த உடையைப் பற்றியும், கூலிக்காகப் படகோட்டிகள் நடத்திய வாதத்தைப் பற்றியும் எழுதினர். ஆனால் தம்மை உயிரோடு கரை சேர்த்த தையலைப் பற்றி எழுதியவர் சிலரே.

அத்தையலுக்கும் ஆயுள் உண்டு. கயிறு உப்பிலும் வெயிலிலும் நைந்தது. ஆகவே குறித்த காலத்தில் படகைக் கரையேற்றித் தையலை அவிழ்த்தனர். பலகைகள் தனித்தனியே பிரிந்து மணலில் கிடந்தன. உளுத்த பலகையை நீக்கினர்; நல்லதைச் சுரண்டி உலர்த்தினர்; புதுக் கயிறு கொண்டு மீண்டும் தைத்தனர். பழைய பலகையும் புதிய பலகையும் அடுத்தடுத்து நின்றன. ஒரு படகின் வயது என்ன என்று கேட்டால் எதைக் கணக்கிடுவது? கயிறு இவ்வாண்டினது, ஒரு பலகை தந்தை காலத்தது, மற்றொன்று சென்ற மழைக்குப்பின் வந்தது. படகு மட்டும் அதே படகு.

இம்முறையில் ஒரு விடுதலை இருந்ததை நாம் கவனிக்க வேண்டும். இரும்பு வாங்கக் கொல்லனிடம் போக வேண்டியதில்லை. கப்பல் தளம் வேண்டியதில்லை. பொருள் எளியது, கருவி எளியது, அறிவு கையில் இருந்தது. கட்டுமரமோ இன்னும் ஒரு படி எளியது. கடலுக்குப் போகும்முன் மரங்களைச் சேர்த்துக் கட்டினர். திரும்பி வந்ததும் அவிழ்த்து உலர வைத்தனர். அது ஆண்டுக்கொருமுறையன்று, அன்றாடம் புதிதாய்ப் பிறந்த கலம்.

இராயப்பரின் ஊர்

சென்னைப் படகோட்டிகளில் கத்தோலிக்கர் ஒரு பெருந்தொகுதியினர். கோட்டைக்கு வடக்கே அவர்கள் குடியேறிய இடம் இராயபுரம். அங்கே அவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தம் உழைப்பின் பணத்தைக் கொண்டு ஓர் ஆலயம் எழுப்பினர். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த பாதுகாவலர் புனித இராயப்பர் என்பதில் வியப்பில்லை. கலிலேயக் கடலில் படகு வைத்திருந்த மீனவரான பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். தைத்த படகில் ஈட்டிய பொருள் கல்லும் சுண்ணாம்புமாகி இன்றளவும் நிற்கிறது. அதை ஈட்டித் தந்த படகுகளில் ஒன்றுகூட அங்கே இல்லை.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1860-களின் தொடக்கத்தில் கடலுக்குள் நீண்ட இரும்புத் துறைமேடை அமைந்தது. 1875 டிசம்பரில் வேல்சு இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கல்லாலும் கற்காரையாலும் கட்டிய அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பரில் வீசிய புயல் தகர்த்தது. பெரும் செலவில் எழுந்த அரண் இடிந்த அக்கரையில் தைத்த படகுகள் இன்னும் சில ஆண்டுகள் பணியாற்றின. ஆனால் சுவர்கள் மீண்டும் எழுந்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தின் நுழைவாயிலை மாற்றியமைத்து அதனை உறுதிப்படுத்திய பின், கப்பல்கள் மேடையோரமாகவே வந்து நின்றன. முறியும் அலையைக் கடக்கும் கலை தேவையற்றதாயிற்று. படகோட்டிகள் துறைமுகக் கூலிகளாயினர். பலர் வேறு தொழில்களை நாடினர். கரைவலை இழுக்கும் தையல் படவுகள் மட்டும் ஆந்திரக் கரை நெடுகிலும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தொடர்ந்தன.

துறைமுகம் தீமை என்று நாம் கூறவில்லை. எத்தனையோ உயிர்களை அது காத்தது. ஆனால் ஒரு கலை தேவையற்றதாகும்போது அதனோடு ஒரு சமூகத்தின் மதிப்பும் இறங்கிவிடுகிறது என்பதை அக்கரையின் வரலாறு காட்டுகிறது. ஆளுநரைக் கரை சேர்த்த கைகள் மூட்டை தூக்கும் கைகளாக மட்டுமே எண்ணப்பட்டன.

மீண்டும் ஊசி எடுத்தவர்கள்

நாம் மறந்ததை உலகம் வேறு வழியில் நினைவுகூர்ந்தது. அயர்லாந்தின் 6-ஆம் நூற்றாண்டுத் துறவி புனித பிரெண்டன் தோல் படகில் மேற்குக் கடலைக் கடந்தார் என்பது மரபு. அது இயலுமா என்று காண, திம் செவரின் என்பவர் 49 மாட்டுத்தோல்களைத் தைத்து 36 அடி நீளப் படகு ஒன்றை உருவாக்கினார். 1976-இல் புறப்பட்டு, ஐஸ்லாந்தில் குளிர்காலத்தைக் கழித்து, 1977 சூனில் நியூபவுண்ட்லாந்தை அடைந்தார். அமெரிக்கக் கரைக்குச் சில நாள் தொலைவில் பனிப்பாறையின் விளிம்பு தோலைக் கிழித்தது; நீர் உள்ளே வந்தது. மாலுமிகள் உறைய வைக்கும் நீரில் கையை விட்டு, கிழிசலின்மேல் தோல் துண்டு ஒன்றை வைத்துத் தைத்தனர். பயணம் தொடர்ந்தது. தைத்த கலமாதலின் நடுக்கடலில் ஊசியும் நூலும் கொண்டே அதை மீட்க முடிந்தது.

அடுத்து அவர் நம் கடலுக்கு வந்தார். ஓமன் நாட்டின் சூர் நகரில், கேரளத்து மரம் கொண்டு, ஏறத்தாழ 640 கிலோமீட்டர் நீளத் தென்னைக் கயிற்றால் ‘சோகார்’ என்னும் கப்பலைத் தைப்பித்தார். ஓர் ஆணியும் அதில் இல்லை. தைக்கத் தெரிந்தவர்களை அவர் இலட்சத்தீவுகளில் தேடிப் பெற வேண்டியிருந்தது. 1980 நவம்பரில் மசுக்கட்டை விட்ட அக்கப்பல் 1981 சூலையில் சீனத்தின் காண்டன் நகரை அடைந்தது. துறவி யோவான் நொய்ந்தது என்று எழுதிய தையல்கலம், அவர் சென்ற சீனத்துக்கே சென்றது. நம் கடற்படையும் அசந்தா ஓவியத்தை முன்மாதிரியாகக் கொண்டு கேரளத் தச்சர்கள் தைத்த ‘கௌண்டின்யா’ என்னும் பாய்மரக் கப்பலை 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்டது.

இவை அருஞ்செயல்கள். எளியவர் கைக்கு வந்த தையலும் ஒன்றுண்டு. 1963-இல் இங்கிலாந்தில், வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் வழிகளைத் தொலைக்காட்சியில் கற்பித்து வந்த பேரி பக்னெல், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டுடன் இணைந்து ‘மிரர்’ என்னும் சிறு பாய்ப்படகை அறிமுகம் செய்தார். ஒட்டுப்பலகைத் துண்டுகளின் விளிம்பில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் கண்ணாடியிழை நாடாவையும் பிசினையும் பூசுவது அதன் முறை. தச்சுத்தொழில் கற்காத ஆசிரியரும் எழுத்தரும் வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டினர். பழைய பாய்ப்படகுகளை மலிவாக வாங்கி, விடுமுறை நாள்களில் தாமே பலகை மாற்றி, பிசின் பூசி, கடற்பயணத்துக்கு ஆயத்தம் செய்யும் பழக்கம் மேலைநாடுகளில் பரவியதற்கு இத்தகைய எளிய முறைகளும் துணைசெய்தன.

அதே தையலும் பிசினும் நம் தென்கோடிக்கும் வந்தன. குமரி மாவட்டத்தின் முக்குவ மக்கள் 1544-இல் புனித சவேரியார் கையால் திருமுழுக்குப் பெற்றவர்களின் வழிவந்தோர். அவர்களிடையே, கோட்டாறு மறைமாவட்டத்தின் முட்டத்தில், மரத்தட்டுப்பாடு கடும் சிக்கலாக எழுந்தது. கட்டுமரத்துக்கு வேண்டிய மரமும், குடைந்து வள்ளம் செய்யத்தக்க பெரிய மாமரமும் அரிதாகி விலை ஏறின. பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜில்லே, ஆங்கிலேயப் பொறியாளர் எட்வின் கிப்போர்டு போன்றோர் அலையைக் கடந்து மணலில் ஏறும் ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவரோடு சேர்ந்து உருவாக்க முயன்றனர். இவ்வகை முயற்சிகளின் பின்னணியில் ஷூமாக்கரின் சிந்தனை இருந்தது. 1971-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்த அந்தப் பொருளியல் அறிஞர், 1973-இல் ‘சிறியதே அழகு’ என்னும் நூலை வெளியிட்டார். ஜில்லே 1985-இல் தம் அனுபவத்தை நூலாக்கியபோது அதற்கு இட்ட தலைப்பு ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும். வரைபலகையில் அழகாய்த் தோன்றிய படகை மீனவர் உடனே ஏற்கவில்லை. எடை, அகலம், வலை இழுக்க நிற்கும் இடம் ஆகிய எல்லாவற்றையும் அவர்கள் தம் உடலால் அளந்தனர். அவர்கள் சொல்லைக் கேட்டு மாற்றிய பிறகே படகு கடலுக்குரியதாயிற்று. 1980-களில் இவ்வகை வள்ளங்கள் தென்கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் பரவின.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் உதவியாக வழங்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகள் கரையெங்கும் பெருகின, கட்டுமரம் அருகியது. இழந்தவர்க்குப் படகு கொடுப்பது அறமே. ஆயினும் பெறுபவரின் கைக்கு அப்படகைப் பழுது பார்க்கத் தெரியுமா, அதற்கான பொருள் அவர் எட்டும் தொலைவில் கிடைக்குமா என்னும் கேள்வியைக் கொடுப்பவர் கேட்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவனே ஒரு பொருளுக்கு முழு உரிமையாளன். தெரியாதவன் அடுத்த உதவி வரும்வரை காத்திருக்க வேண்டியவன்.

சீர்ப்படுத்தும் பணி

இயேசு செபதேயுவின் மக்களை அழைத்த வேளையில் அவர்கள் படகில் அமர்ந்து வலைகளைச் சீர்ப்படுத்திக் கொண்டிருந்தனர் என்று நற்செய்தியாளர்கள் குறிக்கின்றனர். அங்கே ஆளப்படும் கிரேக்க வினைச்சொல்லையே, தவறிய சகோதரரைக் கனிவோடு திருத்தி மீட்கும்படி கலாத்தியருக்கு எழுதும் இடத்தில் தூய பவுல் ஆள்கிறார். வலையின் கிழிசலைச் சரிசெய்வதும் மனிதரின் உறவைச் சரிசெய்வதும் அம்மொழியில் ஒரே சொல். அதே பவுல் உரோமைக்குச் சென்ற கப்பல் புயலில் சிக்கியபோது மாலுமிகள் அதன் உடலைச் சுற்றிக் கயிறுகளால் கட்டினர் என்று திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. கயிற்றின் பயனை அக்கடலும் அறிந்திருந்தது.

திருச்சபையைப் படகுக்கு ஒப்பிடுவது பழைய மரபு. அவ்வுவமையைக் கேட்கும்போது நாம் பெரும்பாலும் உடையாத, கசியாத பெருங்கப்பல் ஒன்றைக் கற்பனை செய்கிறோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏடோ, அது புனிதமானதாயினும் எப்போதும் தூய்மை பெற வேண்டியது என்று உணர்த்துகிறது. அந்த உவமைக்கு நம் கரையின் தைத்த படகே பொருத்தமானது என்று நாம் கருதுகிறோம். அதன் வலிமை வளைவதில் இருந்தது. அதன் நீடிப்பு மராமத்தில் இருந்தது. கசியும் நீரைக் கண்டு படகோட்டி வெட்கப்படவில்லை. இறைத்தான், பருவம் வந்ததும் அவிழ்த்தான், தைத்தான்.

நம் குடும்பங்களும் அன்பியங்களும் பங்குகளும் இப்படித்தான் வாழ்கின்றன. ஒருமுறை கட்டி முடித்த உறவு என்று ஒன்று இல்லை. கடந்த ஆண்டின் கயிறு நைந்திருக்கும். ஒரு பலகை உளுத்திருக்கும். அதைக் கண்டறியும் கண்ணும் அவிழ்க்கும் துணிவும் மீண்டும் சேர்க்கும் பொறுமையும் வேண்டும். இவ்வேலையை நமக்காக வெளியார் வந்து செய்து தர இயலாது.

தாங்கலின் கரையை ஊரார் காத்தனர். படகின் தையலைப் படகோட்டிகள் காத்தனர். அவர்களிடமிருந்து நமக்கு வந்திருக்க வேண்டிய உரிமைச் சொத்து படகன்று, அக்கைப்பழக்கமே. அது இன்னும் எங்கெங்கே உயிரோடு இருக்கிறதோ அங்கெல்லாம் சென்று, முதியவர்களிடம் கேட்டு, பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.